லாரவெல்லில் ரிக்வெஸ்ட் டேட்டா: வாசலிலேயே சரிபார்ப்பது எப்படி?

பிஎச்பி மொழியில் வெப் ஆப் எழுத உதவும் லாரவெல் ஃபிரேம்வொர்க்கில், ஆர்டர் ஃபார்ம் ஒன்றின் எண்ணிக்கை ஃபீல்டுக்கு 'ரெக்கொயர்டு, மேக்ஸ் 100' (கட்டாயம், அதிகபட்சம் 100) என்று விதி எழுதியிருந்தேன். ஒருவரும் 100-க்கு மேல் கேட்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் டேபிளில் 99999 என்று ஓர் ஆர்டர் உட்கார்ந்திருந்தது. விதி வேலை செய்யவில்லையா என்றால், செய்தது. அது ஒரு முழு எண் என்று நான் எங்குமே சொல்லவில்லை. அதனால் லாரவெல் 99999-ஐ ஐந்து எழுத்துள்ள சொல்லாக எடுத்துக்கொண்டு, ஐந்து நூறைவிடக் குறைவுதானே என்று உள்ளே விட்டுவிட்டது. அவசரமாக 'இன்டிஜர்' என்ற விதியைச் சேர்த்தேன். அடுத்த வாரமே -3 வந்தது. அந்த ஆர்டரின் மொத்தத் தொகை குறைந்துபோயிருந்தது.

இப்படி ஒவ்வொன்றாக அடிபட்டுக் கற்றதை வரிசையாக எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் லாரவெல்லில் இருக்கும். ஜாங்கோ, ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ் போன்ற வேறு ஃபிரேம்வொர்க்குகளில் வேலை செய்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். விதிகளின் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரு தாளை எடுங்கள்

நிரலை (கோட்) இப்போது தொடாதீர்கள். ஒரு தாளிலோ ஸ்ப்ரெட்ஷீட்டிலோ, ஃபார்மில் உள்ள ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஃபீல்டின் பெயர், எந்த வழியாக வருகிறது, என்ன வகை, கட்டாயமா, மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவு, காலியாக வந்தால் என்ன செய்வது, இதை அனுப்ப யாருக்கு உரிமை. கூடவே டேட்டாபேஸ் டேபிளில் அதற்கான நெடுவரிசையின் வகையையும் நீளத்தையும் எழுதிவிடுங்கள். ஃபார்மில் 500 எழுத்து ஏற்றுக்கொண்டு, டேபிளில் 255 வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து ஃபீல்டு உள்ள ஃபார்முக்கு இதற்கு அரை மணி நேரம் போதும். எனக்குப் பொறுமையில்லாத நாட்களில் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு நாள் போனது.

"காலியாக வந்தால் என்ன செய்வது" என்ற கேள்வியில்தான் நிறைய பேர் தடுமாறுவார்கள். காலியாக வருவது வேறு, வராமலே போவது வேறு, பூஜ்யம் வருவது வேறு. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.

2. உண்மையில் என்ன வருகிறது என்று கண்ணால் பாருங்கள்

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து, ஃபார்மை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். நீங்கள் நினைப்பது ஒன்று, போவது ஒன்றாக இருக்கும்.

டிக் செய்யாத செக்பாக்ஸ் 'இல்லை' என்று போகாது, போகவே போகாது. டிசேபிள் செய்த ஃபீல்டும் அப்படித்தான். ரீட்ஒன்லி என்று வைத்தால் போகும், ஆனால் அதன் மதிப்பை டெவலப்பர் டூல்ஸில் யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். ஃபைல் உள்ள ஃபார்மில் மல்டிபார்ட் என்கோடிங்கை எழுத மறந்தால் ஃபைலின் பெயர் மட்டும் போகும், ஃபைல் போகாது.

டேட்டா வரும் வழிகள் நான்கைந்து உண்டு: முகவரிப் பாதைக்குள் இருக்கும் ஐடி, கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் குவெரி, ரிக்வெஸ்ட்டின் (பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையின்) பாடி, ஹெடர், குக்கி. லாரவெல்லில் 'இன்புட்' என்ற மெத்தட் பாடியையும் குவெரியையும் சேர்த்தே பார்க்கும். பாடியில் இல்லாத ஒரு பெயரை யாராவது முகவரியின் வாலில் ஒட்டி அனுப்பினால் அதையும் எடுத்துக்கொள்ளும். குவெரியிலிருந்து மட்டும் வேண்டுமென்றால் 'குவெரி' மெத்தடையும், பாடியிலிருந்து மட்டும் என்றால் 'போஸ்ட்' மெத்தடையும் கேளுங்கள். முகவரிப் பாதைக்குள் இருக்கும் ஐடி இந்தத் தொகுப்பில் சேராது. அதற்கு எழுதும் விதி தானாக ஓடாது.

மற்ற ஃபிரேம்வொர்க்குகளில் புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. ஜாங்கோவில் ஜேசன் (டேட்டாவை எழுத்தாக எழுதி அனுப்பும் ஒரு வடிவம்) அனுப்பினால் போஸ்ட் டிக்‌ஷனரி காலியாகவே இருக்கும், பாடியை எடுத்து நீங்களே பிரிக்க வேண்டும். எக்ஸ்பிரஸில் ஜேசன் மிடில்வேரைச் சேர்க்காவிட்டால் பாடியில் எதுவும் கிடைக்காது. ஃபிளாஸ்கின் இப்போதைய பதிப்புகளில் கன்டென்ட் டைப் ஹெடர் இல்லாமல் ஜேசனைக் கேட்டால் 415 (இந்த வகை டேட்டாவை ஏற்க முடியாது) என்ற பிழை எண் வரும்.

3. விதிக்கு முன்பே நிற்கும் காவலர்கள்

உங்கள் விதிகள் ஓடுவதற்கு முன்பே சர்வர் சிலவற்றை வெட்டிவிடும். இது தெரியாமல் கன்ட்ரோலரில் (ரிக்வெஸ்ட்டை வாங்கி வேலை செய்யும் நம் நிரலில்) பிழை தேடி ஒரு முழு மாலையைத் தொலைத்தேன்.

எஞ்சினெக்ஸ் என்ற வெப் சர்வர் பாடியின் அளவை இயல்பாக 1 எம்பி-யில் நிறுத்தும், மீறினால் 413 (அளவு மிகப் பெரிது) என்ற பிழை. பிஎச்பி ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்ட்டுக்கு 8 எம்பி என்று வைத்திருக்கும். 8-ஐத் தாண்டினால் வெறும் பிஎச்பி எந்த ஃபீல்டும் வராதது போலக் காட்டும். லாரவெல் 413 கொடுத்து நிறுத்தும். அப்புறம் 1000 ஃபீல்டு என்றொரு வரம்பு. பெரிய பட்டியலை ஒரே ஃபார்மில் திருத்த விட்டால் 1000-க்கு மேல் உள்ளவை உதிர்ந்துபோகும், ஃபார்ம் சேமிக்கப்பட்டதாகவே தெரியும். ஜாங்கோவிலும் 1000 ஃபீல்டு வரம்பு உண்டு, ஆனால் அது மறுத்துவிடும். எக்ஸ்பிரஸின் ஜேசன் பார்சருக்கு இயல்பான வரம்பு 100 கேபி.

இன்னொன்று: பிஎச்பி மல்டிபார்ட் டேட்டாவைத் தானாகப் பிரித்துக் கொடுப்பது போஸ்ட் வகை ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும்தான். ஃபைலோடு புட் ரிக்வெஸ்ட் அனுப்பினால் சர்வரில் எதுவும் இருக்காது, எல்லா 'ரெக்கொயர்டு' விதியும் தோற்கும். போஸ்ட்டாக அனுப்பி, அண்டர்ஸ்கோர் மெத்தட் என்ற ஃபீல்டில் புட் என்று எழுதுங்கள்.

4. விதிகளை எழுதும் வரிசை

என் பழக்கம் இது: முதலில் இருப்பு, அடுத்து வகை, அடுத்து அளவு, கடைசியில் டேட்டாபேஸைத் தொடும் விதிகள்.

இருப்பு. கட்டாயம் என்றால் 'ரெக்கொயர்டு'. காலியாக இருக்கலாம் என்றால் 'நல்லபிள்'. வந்தால் மட்டும் சரிபார், வராவிட்டால் விட்டுவிடு என்றால் 'சம்டைம்ஸ்'. புதியவர்கள் முதலில் விழும் குழி 'நல்லபிள்' பக்கம்தான் இருக்கிறது. லாரவெல் காலியான ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) 'நல்', அதாவது மதிப்பே இல்லை, என்று மாற்றிவிட்டுத்தான் உங்களிடம் தரும். ஆகவே விருப்ப ஃபீல்டு ஒன்றுக்கு வெறும் 'ஸ்ட்ரிங்' என்று எழுதிவிட்டால், பயனர் அதைக் காலியாக விட்டதுமே "இது ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டும்" என்று திட்டு விழும். காலியாக விட்டவருக்கு அது ஒன்றுமே புரியாது. 'நல்லபிள்' சேர்த்தால் சரியாகிவிடும்.

வகை. 'இன்டிஜர்' அல்லது 'நியூமெரிக்' எழுதினால்தான் 'மின்' (குறைந்தபட்சம்), 'மேக்ஸ்' இரண்டும் மதிப்பைப் பார்க்கும். இல்லையென்றால் நீளத்தைப் பார்க்கும். ஃபைலாக இருந்தால் கிலோபைட், அரே என்றால் எத்தனை உறுப்புகள் என்ற எண்ணிக்கை. ஒரே விதிக்கு நான்கு அர்த்தம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இருக்கிறது. என் ஆர்டர் ஃபார்மின் எண்ணிக்கை ஃபீல்டுக்கு இன்று இருக்கும் விதி: ரெக்கொயர்டு, இன்டிஜர், மின் 1, மேக்ஸ் 100. மின் இல்லாத மேக்ஸை எங்கே பார்த்தாலும் -3 ஞாபகம் வருகிறது.

'இன்டிஜர்' சரிபார்க்கும், மாற்றாது. ஃபார்மிலிருந்து வந்த "5" சரிபார்ப்பு முடிந்த பிறகும் ஸ்ட்ரிங்தான். மூன்று சமக்குறி போட்டு 5-உடன் ஒப்பிட்டால் பொருந்தாது. எண்ணாக வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்டின் 'இன்டிஜர்' மெத்தடில் கேளுங்கள். செக்பாக்ஸுக்கு 'பூலியன்' மெத்தட் உண்டு; 1, ட்ரூ, ஆன், யெஸ் எல்லாவற்றையும் உண்மை என்று கொள்ளும், வராமலே போனால் பொய் என்று கொள்ளும். அதே பெயரில் இருக்கும் 'பூலியன்' விதி மட்டும் 'ஆன்' என்பதை ஏற்காது, செக்பாக்ஸோ இயல்பாக 'ஆன்' என்றுதான் அனுப்பும். மதிப்பை 1 என்று எழுதிவைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

பூஜ்யம். பிஎச்பி-யின் எம்ப்டி சோதனைக்கு "0" காலிதான். 'தள்ளுபடி 0' என்று ஒருவர் தெரிந்தே எழுதினாலும், எம்ப்டி கொண்டு பார்க்கும் நிரல் அதைத் தூக்கி எறிந்துவிடும். 'ரெக்கொயர்டு' விதி இந்தத் தவறைச் செய்யாது. விதி எழுதிய பிறகு கன்ட்ரோலரில் மறுபடி எம்ப்டி சோதனை வைப்பதுதான் வம்பு. ஜாவாஸ்கிரிப்ட்டில் இருப்பவர்களுக்கு இதன் தம்பி: பார்ஸ்இன்ட் "12அஆஇ" என்பதற்கும் 12 என்றே பதில் தரும்.

தேதி. 'டேட்' என்ற விதி தாராளமானது. பிஎச்பி-க்குச் சாய்கோடு போட்ட 05/06/2024 என்பது மே 6. இடைக்கோடு போட்ட 05-06-2024 என்பது ஜூன் 5. பயனருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே 'டேட் ஃபார்மேட்' விதியைப் போட்டு ஒரே வடிவத்தைக் கட்டாயமாக்குங்கள். அது பிப்ரவரி 31-ஐயும் மறுத்துவிடும். வெறும் பிஎச்பி-யில் நாள்-மாதம்-ஆண்டு என்று வடிவம் கொடுத்து 31-02-2024-ஐப் படிக்கச் சொன்னால், சத்தமில்லாமல் மார்ச் 2 என்று மாற்றிக்கொடுக்கும்.

டேட்டாபேஸ். 'யுனிக்' (டேபிளில் ஏற்கனவே இருக்கக்கூடாது), 'எக்ஸிஸ்ட்ஸ்' (டேபிளில் இருக்க வேண்டும்) இரண்டும் கடைசியில் வரட்டும், முன்னால் 'பெயில்' சேர்த்துவிடுங்கள். முதல் விதி தோற்றதுமே நிறுத்திவிடும், டேட்டாபேஸிடம் வீண் குவெரி ஓடாது. திருத்தும் ஃபார்மில் 'யுனிக்' அந்தப் பயனரின் சொந்த ஈமெயிலையே "ஏற்கனவே உள்ளது" என்று மறுக்கும். 'இக்னோர்' கொடுத்து அவருடைய ஐடியை விலக்குங்கள். அந்த ஐடி லாகின் செய்தவரிடமிருந்தோ மாடலிலிருந்தோ (டேபிளின் வரியைக் குறிக்கும் வகுப்பு) வர வேண்டும், ரிக்வெஸ்ட்டிலிருந்து வரக்கூடாது.

5. விதிகளைத் தனி வகுப்புக்கு மாற்றுங்கள்

மூன்று ஃபீல்டு என்றால் கன்ட்ரோலரிலேயே 'வேலிடேட்' கூப்பிடுங்கள், போதும். அதற்கு மேல் போனால் லாரவெல்லின் ஆர்ட்டிசன் கட்டளையில் ஒரு ஃபார்ம் ரிக்வெஸ்ட் (விதிகளை வைக்கும் தனி வகுப்பு) உருவாக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

உருவாக்கியதும் கிடைக்கும் முதல் பரிசு 403. விதியெல்லாம் சரி, லாகின் சரி, ஆனாலும் "அனுமதி இல்லை" என்று வரும். காரணம், அந்த ஃபைலில் 'ஆத்தரைஸ்' என்ற மெத்தட் ஃபால்ஸ் என்று எழுதப்பட்டே பிறக்கிறது. கூகுளில் தேடினால் எல்லோரும் ட்ரூ போடச் சொல்வார்கள். போடலாம். ஆனால் அந்த மெத்தட் இருப்பதே "இவர் இந்த ஆர்டரைத் திருத்தலாமா" என்று கேட்கத்தான். அந்தச் சோதனையை வேறு இடத்தில் வைத்திருந்தால் மட்டும் ட்ரூ போடுங்கள்.

சரிபார்ப்புக்கு முன் சுத்தம் செய்ய 'பிரிப்பேர் ஃபார் வேலிடேஷன்' மெத்தட் இருக்கிறது. போன் எண்ணுக்குள் இருக்கும் இடைவெளியை எடுப்பது, ஈமெயிலைச் சிறிய எழுத்தாக்குவது இங்கேதான் நடக்க வேண்டும். 'யுனிக்' ஓடிய பிறகு சிறிய எழுத்தாக்கினால், பெரிய சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் டேட்டாபேஸில் ஒரே ஆள் இரண்டு கணக்கு திறந்துவிடுவார். இரு முனை வெற்றிடத்தை லாரவெல்லே நறுக்கிவிடும். பாஸ்வேர்டை மட்டும் அது தொடாது, நீங்களும் தொடாதீர்கள்.

6. சரிபார்த்ததை மட்டும் எடுங்கள்

கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

விதிகளையெல்லாம் கச்சிதமாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'ஆல்' மெத்தடைக் கூப்பிட்டு மொத்தத்தையும் டேபிளில் கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன். விதி எழுதிய ஃபீல்டுகள் சரிபார்க்கப்பட்டவை, உண்மை. விதி எழுதாத ஃபீல்டுகளோ சரிபார்க்கப்படாமலே கூட வருகின்றன. பதிவு ஃபார்மில் பெயர், ஈமெயில், பாஸ்வேர்டு மூன்றுதான் இருக்கும். அனுப்புபவர் நான்காவதாக 'அட்மின் = 1' என்று சேர்த்தால்? மாடலில் அந்தப் பெயர் 'ஃபில்லபிள்' பட்டியலில் (மொத்தமாக நிரப்ப அனுமதித்த ஃபீல்டுகள்) இருந்தால் கதை முடிந்தது.

2012-ல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே இது நடந்தது. பொதுச் சாவியைப் பதிவேற்றும் ஃபார்மில் ஒருவர் கூடுதலாக ஒரு ஃபீல்டைச் சேர்த்து அனுப்பி, ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கின் நிரல் களஞ்சியத்தில் எழுதும் உரிமையையே பெற்றுக் காட்டினார்.

செய்ய வேண்டியது எளிது: 'வேலிடேட்டட்' மெத்தட் தரும் அரேயை மட்டும் பயன்படுத்துங்கள். விதி எழுதாத ஃபீல்டு அதில் வராது. "ஃபீல்டு சேர்த்தேன், சேமிக்கவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு நாள் தலையைச் சொறிவீர்கள். விதி எழுத மறந்திருப்பீர்கள். அந்தத் தொல்லை நல்ல தொல்லை. ஜாங்கோவில் இதே வேலையை 'கிளீன்ட் டேட்டா' செய்கிறது.

இதோடு ஒட்டிய இரண்டு பொறிகள். முதலாவது 'எக்ஸிஸ்ட்ஸ்'. டெலிவரி முகவரியின் ஐடி 41 என்று வருகிறது, முகவரி டேபிளில் 41 இருக்கிறது, விதி சரி என்கிறது. அது யாருடைய முகவரி? விதி அதைக் கேட்கவில்லை. 'இந்தப் பயனருக்குச் சொந்தமான' என்ற நிபந்தனையையும் அந்த விதியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எண்ணை 42, 43 என்று மாற்றி மாற்றி அனுப்பியே பிறர் முகவரிகளைப் படித்துவிடலாம்.

இரண்டாவது விலை. பொருளின் விலையை மறைவான ஃபீல்டில் வைத்து ஃபார்மோடு அனுப்பாதீர்கள். எவ்வளவு கடுமையான விதி எழுதினாலும் '1' என்பதும் செல்லுபடியாகும் விலைதான். பொருளின் ஐடியும் எண்ணிக்கையும் மட்டும் வாங்கிக்கொண்டு, விலையை டேபிளிலிருந்து எடுங்கள்.

எக்ஸ்பிரஸும் மோங்கோ டேட்டாபேஸும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் வகையைச் சரிபார்க்காவிட்டால், பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் "காலிக்குச் சமமல்ல" என்ற பொருள் தரும் ஒரு ஆப்ஜெக்டே வந்து இறங்கும். அதை அப்படியே டேட்டாபேஸ் குவெரிக்குள் வைத்தால் யாருடைய கணக்கும் திறக்கும். ஸ்ட்ரிங்தானா என்ற ஒரு சோதனை இதைத் தடுத்துவிடும்.

7. தமிழ் எழுத்து வரும் ஃபீல்டுகள்

'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட். லாரவெல்லின் 'மேக்ஸ்' ஐந்து என்று எண்ணும், ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த்தும் ஐந்து என்றே சொல்லும், பிஎச்பி-யின் பழைய ஸ்ட்ர்லென் 15 என்று சொல்லும். பெயருக்கு 20 என்று வரம்பு வைத்தால் தமிழில் பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்திலேயே இடித்துவிடலாம். வரம்பைத் தாராளமாக வையுங்கள். பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் (திரும்பப் படிக்க முடியாத வடிவமாக்கும்) பிக்ரிப்ட் முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். தமிழில் அது 24 குறியீட்டில் தீர்ந்துவிடும்.

பெயரைச் சரிபார்க்க ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லும் சூத்திரம்) எழுதும்போது ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் நிரல் இன்னும் எங்கும் கிடக்கிறது. அதை மாற்றி யூனிகோடின் 'எழுத்து' வகையைப் போட்டாலும் தமிழ் தோற்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. இரண்டு வகையையும் சேர்த்து எழுத வேண்டும். லாரவெல்லின் 'ஆல்ஃபா' விதி இரண்டையும் ஏற்கும், ஆனால் இடைவெளியையும் இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியையும் ஏற்காது. பெயருக்கு ரெகெக்ஸே வேண்டாம், ஸ்ட்ரிங் என்பதும் நீளமும் போதும் என்பது என் கருத்து.

'கொ' என்பதைச் சில கருவிகள் இரண்டு குறியீடாகவும், சில கருவிகள் ஒற்றைக்கொம்பையும் காலையும் பிரித்து மூன்று குறியீடாகவும் அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் வேறு. சரிபார்ப்புக்கு முந்தைய சுத்தத்திலேயே பிஎச்பி-யின் நார்மலைசர் கொண்டு ஒரே வடிவமாக்கிவிடுங்கள்.

8. ஃபைல்கள்

ஃபைலோடு பிரவுசர் அனுப்பும் பெயர், வகை இரண்டும் அனுப்புபவர் சொல்வது. இரண்டையும் நம்ப வேண்டாம். 'மைம்ஸ்' விதி ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையை ஊகிக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 'மேக்ஸ் 2048' என்றால் 2 எம்பி. மூன்றாம் படியில் சொன்ன சர்வர் வரம்புகள் இதைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் அழகான எரர் செய்தி வருவதற்கு முன் எஞ்சினெக்ஸின் வெள்ளைப் பக்கம் வந்துவிடும். எஸ்விஜி வகைப் படத்துக்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம், தேவையில்லை என்றால் அனுமதிக்காதீர்கள். சேமிக்கும்போது 'ஸ்டோர்' மெத்தட் தானே ஒரு புதுப் பெயர் வைத்துக்கொள்ளும், மூலப் பெயரைப் பாதையில் சேர்க்க வேண்டாம்.

9. தவறு வந்தால் என்ன பதில் போகிறது?

சாதாரண ஃபார்மில் தவறு இருந்தால் லாரவெல் பயனரை முந்தைய பக்கத்துக்கே அனுப்பி, எரர்களையும் அவர் தட்டியதையும் செஷனில் வைத்துவிடும். ஃபார்மில் 'ஓல்டு' என்று எழுதியிருந்தால் தட்டியது திரும்பத் தெரியும். எழுத மறந்தால் இருபது ஃபீல்டும் காலியாகிவிடும், பயனர் போய்விடுவார். பாஸ்வேர்டும் ஃபைலும் எப்படியும் திரும்பாது.

ஏபிஐ-யில்தான் (ஆப்கள் சர்வரோடு பேசும் வழி) பெரிய குழி. மொபைல் ஆப் எழுதிக்கொண்டிருந்த நண்பர், "தப்பான டேட்டா அனுப்பினாலும் 200 வருது, ஆனா உள்ளே ஏதோ எச்டிஎம்எல் இருக்கு" என்றார். 200 என்றால் எல்லாம் சரி என்று பொருள். நான் ஒரு மணி நேரம் நம்பவில்லை. அவருடைய ஆப் 'அக்செப்ட்' ஹெடரில் ஜேசன் கேட்கவில்லை. லாரவெல் அதை பிரவுசர் என்று நினைத்து 302 கொடுத்து முந்தைய பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறது. முந்தைய பக்கம் என்று ஒன்று இல்லாததால் முகப்புப் பக்கத்துக்கு. ஆப் அதைத் தொடர்ந்து போய் முகப்புப் பக்கத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஹெடரைச் சேர்த்ததும் 422-உம் ஃபீல்டு வாரியாக எரர்களும் ஒழுங்காக வந்தன. எல்லா ஆப்களும் ஹெடர் அனுப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏபிஐ முகவரிகளுக்கு எப்போதும் ஜேசன்தான் என்று சர்வர் பக்கத்திலும் சொல்லிவைக்க முடியும், வையுங்கள்.

எண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 419 என்றால் ஃபார்மில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் அடையாளம்) இல்லை அல்லது காலாவதி, விதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 422 என்றால் விதி தோற்றது. 403 என்றால் உரிமை இல்லை. 500 வந்தால் உங்கள் விதிகளைத் தாண்டி ஏதோ உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்து ஒரு விதியாக மாற்றுங்கள்.

10. செலவும் நேரமும்

நீளம், வகை சரிபார்ப்பதெல்லாம் கிட்டத்தட்ட இலவசம். டேட்டாபேஸைத் தொடும் விதிக்குத்தான் விலை. 500 வரியுள்ள பட்டியலை ஒரே ரிக்வெஸ்ட்டில் வாங்கி ஒவ்வொரு வரிக்கும் 'எக்ஸிஸ்ட்ஸ்' போட்டால் 500 குவெரி. ஐடிகளை ஒரே அரேயாக வாங்கி, அந்த ஃபீல்டுக்கே 'அரே', 'எக்ஸிஸ்ட்ஸ்' இரண்டையும் கொடுத்தால் லாரவெல் ஒரே குவெரியில் முடித்துவிடும். அரேக்கு 'மேக்ஸ்' வைக்க மறக்காதீர்கள். ஈமெயில் விதியில் டிஎன்எஸ் சோதனை (அந்த டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று நெட்டில் கேட்பது) சேர்த்தால் ஒவ்வொரு பதிவும் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும். டிஎன்எஸ் தடுமாறும் நாளில் நல்ல ஈமெயிலும் மறுக்கப்படும். நான் அதை எடுத்துவிட்டேன், உறுதிப்படுத்தும் மெயில் அனுப்புவதே போதும்.

'யுனிக்' விதி பார்ப்பதற்கும் டேபிளில் எழுதுவதற்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. பொத்தானை இரண்டு முறை தட்டுபவர் அந்த இடைவெளியில் நுழைந்துவிடுவார். டேபிளிலும் யுனிக் இண்டெக்ஸ் போடுங்கள்.

என் கணக்கில் பத்து ஃபீல்டு ஃபார்முக்குத் தாளுக்கு அரை மணி, விதிகளுக்கு ஒரு மணி, எரர் செய்திகளை மனிதர் பேசும் மொழியில் மாற்ற ஒரு மணி, டெஸ்ட்டுக்கு இரண்டு மணி.

டெஸ்ட்டில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 'போஸ்ட் ஜேசன்' மெத்தட் அக்செப்ட் ஹெடரைத் தானே சேர்த்து அனுப்பும். ஆகவே மேலே சொன்ன 302 கோளாறு உங்கள் டெஸ்ட்டில் ஒருபோதும் தெரியாது. ஹெடர் இல்லாமலும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபீல்டையும் வரிசையாக இப்படி அனுப்பிப் பாருங்கள்: இல்லாமல், காலியாக, வெறும் இடைவெளியாக, 0, -3, 99999, வரம்பு எண், வரம்புக்கு மேல் ஒன்று, ஸ்ட்ரிங் கேட்ட இடத்தில் அரே, தமிழில், விதியில் இல்லாத கூடுதல் ஃபீல்டோடு, இன்னொருவரின் ஐடியோடு. எதற்காவது 500 வந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். 200 வரக்கூடாத இடத்தில் 200 வந்தால் ஆறாம் படிக்கு.